பாடும் பாதாள ரயில்கள்

நியூயார்க்கின் பழைய பாதாள ரயில் பெட்டிகள் ஓய்வு பெற்றுப் பல ஆண்டுகளாகிவிட்டன. ஆனால் அவற்றின் சத்தத்தையும் குறும்புகளையும் மறக்க மறுக்கிறது ஒரு ரசிகர் கூட்டம்.

டிசம்பர் மாதத்தின் ஒரு வார இறுதி. நியூயார்க்கின் மன்ஹாட்டன் பகுதியில் உள்ள செகண்ட் அவென்யூ நிலையத்தின் பிளாட்பாரத்தில் வழக்கத்துக்கு மாறான கூட்டம். ஆண்களின் தலையில் தாத்தா காலத்துத் தொப்பி. பெண்கள் 1930களின் பாணியில் நீளமான கோட்டும் கையுறையும் அணிந்திருக்கிறார்கள். கேமராக்களுக்குக் குறைவில்லை. சிலர் படம் எடுப்பதில் அக்கறை காட்டாமல் ஒலிப்பதிவுக் கருவியைக் கையில் பிடித்தபடி சுரங்கத்தின் இருட்டையே பார்த்துக் கொண்டிருக்கிறார்கள். அவர்கள் காத்திருப்பது ஒரு சத்தத்துக்காக.

ரயில் கண்ணில் படுவதற்கு முன் அது வந்துவிடுகிறது. இரும்பு உறுமுவது போன்ற ஆழமான ஓசை. பிரேக் பிடித்ததும் சுருதி இறங்கிக் கொண்டே வந்து, கடைசியில் காற்று சீறும் ஒலியோடு அடங்குகிறது. இருண்ட பச்சை நிறத்தில் வந்து நிற்கும் அந்தப் பெட்டிகளுக்குள் குண்டு பல்புகள் எரிகின்றன. பிரம்பு பின்னிய இருக்கைகள், கூரையில் மின்விசிறிகள், சுவரின் மேல்பகுதியில் எப்போதோ நின்றுபோன சோப்பு, சிகரெட் விளம்பரங்கள். சாதாரண டிக்கெட் கட்டணத்தில் யார் வேண்டுமானாலும் ஏறலாம். ஏறியவர்களில் பலர் உட்காராமல் மோட்டாருக்கு நேர் மேலே உள்ள இடத்தைத் தேடிப் போய் நிற்கிறார்கள். அங்கேதான் சத்தம் அதிகம்.

வாரநாட்களில் இதே நகரத்தில் இதே சத்தத்தைத் திட்டித் தீர்க்கும் மக்கள் உண்டு. உலகத்தின் மிகச் சத்தமான பாதாள ரயில்களில் ஒன்று என்ற பெயர் நியூயார்க்குக்குப் பல காலமாகவே இருக்கிறது. பிறகு ஏன் இந்த மோகம்? அதற்கு விடை அந்த வண்டிகளின் அடிவயிற்றில் இருக்கிறது.

நேர்ப்பற்களின் ராகம்

இந்தப் பெட்டிகளுக்கு அழகான பெயர் எதுவும் வைக்கப்படவில்லை. நகர நிர்வாகம் போட்ட கொள்முதல் ஒப்பந்தங்களின் எண்ணே பெயராயிற்று: ஆர்-1, ஆர்-4 என்று தொடங்கி ஆர்-9 வரை. 1930க்கும் 1940க்கும் இடையே 1,703 பெட்டிகள் வாங்கப்பட்டன. தனியார் கம்பெனிகளின் பிடியிலிருந்த பாதாள ரயில் துறையில் நகரமே நேரடியாக இறங்கிக் கட்டிய புதிய பாதை 1932 செப்டம்பர் 10ல் எட்டாவது அவென்யூவில் திறக்கப்பட்டபோது ஓடியவை இவைதான். பொருளாதார மந்தம், உலகப் போர், குடியேறிகளின் வரவு, நகரத்தின் சரிவு என்று எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, 1977 மார்ச் 31ல் இவற்றின் அன்றாட ஓட்டம் முடிந்தது.

ஒவ்வொரு பெட்டிக்கும் இரண்டு மோட்டார்கள். மோட்டாரின் சுழற்சியைச் சக்கரத்தின் அச்சுக்குக் கொண்டு போவது பல்சக்கரங்கள். இந்தப் பெட்டிகளில் பல்சக்கரத்தின் பற்கள் அச்சுக்கு இணையாக, நேராக வெட்டப்பட்டவை. நேர்ப்பற்கள் ஒன்றையொன்று கவ்வும்போது பல்லின் முழு அகலமும் ஒரே நொடியில் மோதும். ஒவ்வொரு மோதலும் ஒரு தட்டல். வண்டி மெதுவாக நகரும்போது அது உறுமல். வேகம் கூடக்கூட ஒரு நொடியில் விழும் தட்டல்களின் எண்ணிக்கை கூடி, உறுமல் முனகலாகி, முனகல் பாட்டாகிவிடும். பிரேக் பிடித்தால் அதே பாட்டு மேலிருந்து கீழே இறங்கும். ஆரோகணம், அவரோகணம் இரண்டும் ஒவ்வொரு நிலையத்துக்கும் உண்டு.

பொறியாளர்கள் கண்ணில் இது ஒரு குறை. பற்களைச் சாய்வாக வெட்டினால் அவை படிப்படியாகக் கவ்வும், சத்தம் குறையும். பிற்கால வண்டிகளில் அப்படித்தான் செய்தார்கள். ஆனால் அந்தக் குறையை நம்பி வாழ்ந்தது பயணிகளின் காது. கண்ணை மூடிக் கொண்டு உட்கார்ந்திருப்பவருக்கும் வண்டி எத்தனை வேகத்தில் போகிறது, டிரைவர் எப்போது மின்சாரத்தை நிறுத்திவிட்டு வண்டியைத் தானாக உருள விட்டிருக்கிறார், எப்போது பிரேக்கைத் தொட்டார் என்பதெல்லாம் தெரிந்தது. பற்கள் தேய்ந்த அளவுக்கேற்பப் பெட்டிக்குப் பெட்டி குரல் மாறியது. எட்டுப் பத்துப் பெட்டிகள் சேர்ந்து கிளம்பும்போது சற்றே பிசகிய சுருதியில் ஒரு கோஷ்டி கானம்.

ரயில் நின்றிருக்கும்போதும் மௌனம் கிடையாது. பிரேக்குக்கும் கதவுகளுக்கும் தேவையான அழுத்தக் காற்றை நிரப்பும் கம்ப்ரசர், பெட்டிக்கு அடியில் திடீரென்று தடதடவென விழித்துக் கொள்ளும். அழுத்தம் போதுமானதும் அதே வேகத்தில் நின்றுவிடும். மூக்குக்கும் வேலை உண்டு. வார்ப்பிரும்பு பிரேக் கட்டைகள் சக்கரத்தில் உராய்ந்து கிளப்பும் இரும்புத் தூளின் வாசனை, அந்தப் பெட்டிகளில் வளர்ந்தவர்களுக்குப் பள்ளிக்கூட நாட்களின் வாசனை.

விளக்குகள் கண் சிமிட்டும்போது

இன்னொரு குறும்பு வெளிச்சத்தைப் பற்றியது. நியூயார்க் ரயில்களுக்கு மின்சாரம் தலைக்கு மேல் ஓடும் கம்பியிலிருந்து வருவதில்லை. பாதைக்குப் பக்கத்தில் தரையை ஒட்டி ஓடும் மூன்றாவது தண்டவாளத்திலிருந்து வருகிறது. 600 வோல்ட் நேர்மின்சாரம். பெட்டியின் பக்கவாட்டில் நீட்டிக் கொண்டிருக்கும் இரும்புக் காலணி ஒன்று இந்தத் தண்டவாளத்தின் மேல் வழுக்கிக் கொண்டே வந்து மின்சாரத்தை வாங்கும். ஆனால் பாதைகள் பிரிந்து சேரும் இடங்களில் இந்த மூன்றாவது தண்டவாளம் தொடர்ந்து இருக்க முடியாது; இடைவெளி விட்டே தீரவேண்டும். காலணி அந்த இடைவெளியில் போகும்போது பெட்டியின் விளக்குகள் அணைந்துவிடும்.

பழைய பெட்டிகளில் விளக்கு மின்சாரம் ஒரு பெட்டியிலிருந்து இன்னொரு பெட்டிக்குப் போகாது. அதனால் முதல் பெட்டி இருண்டு மீண்டும் எரியும், அடுத்து இரண்டாவது, பிறகு மூன்றாவது. ரயிலின் முன்னாலிருந்து பின்னால் வரை இருட்டு ஓர் அலையைப் போல நடந்து போகும். பாட்டரியில் எரியும் ஓரிரு அவசர விளக்குகள் மட்டும் மிச்சம். பேப்பர் படித்துக் கொண்டிருந்தவர்கள் தலையைக்கூட நிமிர்த்த மாட்டார்கள். எந்த நிலையத்தைத் தாண்டியதும் எத்தனை முறை விளக்கு அணையும் என்பது அவர்களுக்கு மனப்பாடம். விளக்கு அணைவதை வைத்தே இறங்க எழுந்தவர்கள் உண்டு.

பல்புகளுக்கும் ஒரு தனித்தன்மை. வீட்டு பல்பை வலப்பக்கம் திருகினால் மாட்டிக் கொள்ளும். ரயில் பல்பின் மரை இடப்பக்கம் திரும்பியிருக்கும். காரணம் விஞ்ஞானமல்ல, திருட்டு. கழற்றிக் கொண்டு போனாலும் வீட்டில் மாட்ட முடியாது என்று ஆக்கிவிட்டால் திருடன் ஏன் கைவைக்கப் போகிறான்?

கையில் 600 வோல்ட்

நியூயார்க்கில் பாதாள ரயில் ஓடத் தொடங்கியது 1904 அக்டோபர் 27ல். அப்போது வாங்கிய பெட்டிகளில் ஒரு பகுதி மர உடல் கொண்டது. மேலே செப்புத் தகடு போர்த்தப்பட்டது. பூமிக்கு அடியில் தீப்பிடித்தால் என்ன ஆகும் என்ற பயம் அப்போதே இருந்ததால், ஜார்ஜ் கிப்ஸ் என்ற பொறியாளர் முழுவதும் எஃகாலான பெட்டியை வடிவமைத்தார். அந்த வகையில் 300 பெட்டிகள் கட்டப்பட்டன. பயணிகளுக்காக இவ்வளவு பெரிய அளவில் எஃகுப் பெட்டிகள் கட்டப்பட்டது அதுவே முதல் முறை.

பல பெட்டிகளின் மோட்டார்களை ஒரே டிரைவர் முன்னாலிருந்து இயக்கும் முறையை 1897ல் சிகாகோவில் நடத்திக் காட்டியிருந்தார் ஃபிராங்க் ஸ்பிரேக். இன்று உலகெங்கும் ஓடும் மின்சார ரயில்களுக்கு, மும்பை லோக்கலுக்கும் சென்னை புறநகர் வண்டிக்கும்கூட, அடிப்படை அதுதான். ஆனால் நியூயார்க்கின் ஆரம்ப கால வண்டிகளில் ஒரு விபரீதம் இருந்தது. டிரைவர் கையில் பிடித்துத் திருப்பும் கட்டுப்பாட்டுப் பெட்டிக்குள்ளேயே 600 வோல்ட் ஓடியது. 1910களின் நடுவில் வந்த அடுத்த தலைமுறை வண்டிகளில் அதை 32 வோல்ட் பாட்டரி மின்சாரமாகக் குறைத்தார்கள். டிரைவர் கையில் குறைந்த மின்சாரம். அது பெட்டிக்கு அடியில் உள்ள சுவிட்சுகளை இயக்கும். உயர்ந்த மின்சாரம் அங்கேயே நின்றுவிடும். ரசிகர்கள் இன்றும் பழைய வண்டிகளை ‘ஹை வோல்டேஜ்’, ‘லோ வோல்டேஜ்’ என்று இரண்டு சாதிகளாகப் பிரித்துத்தான் பேசுகிறார்கள்.

டிரைவரின் கைப்பிடிக்கு இன்னொரு வேலையும் உண்டு. அதை அழுத்தியபடியே இருக்கவேண்டும். டிரைவர் மயங்கி விழுந்து கை நழுவினால் மின்சாரம் நின்று பிரேக் தானாக விழுந்துவிடும். சிவப்பு விளக்கைத் தாண்டினால் பாதையோரத்தில் நிமிர்ந்து நிற்கும் ஓர் இரும்புக் கை, வண்டியின் அடியிலுள்ள வால்வைத் தட்டிவிட்டு ரயிலை நிறுத்தும். கம்ப்யூட்டர் என்ற சொல்லுக்கே வேறு அர்த்தம் இருந்த காலத்து ஏற்பாடுகள் இவை.

பிரேக் போடுவது ஒரு கலை. முதலில் அழுத்தமாகப் பிடித்து, வேகம் குறையக் குறையக் காற்றைக் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே விட்டு, நிற்கும் தருணத்தில் ஏறக்குறைய ஒன்றுமில்லாமல் ஆக்கினால், நிற்பவர் கையிலுள்ள காபி சிந்தாது. அவசரக்காரர் கையில் அதே வண்டி எல்லோரையும் ஒரு முறை குலுக்கிவிட்டு நிற்கும். 1948ல் வந்த ஆர்-10 வகைப் பெட்டிகளில் மோட்டாரையே ஜெனரேட்டராக மாற்றி வேகத்தைக் குறைக்கும் முறை வந்தது. அதன் பிறகு இந்தக் கலைக்கு வேலை குறைந்தது.

முன் ஜன்னல் சிறுவர்கள்

ரசிகர்களில் பெரும்பாலோர் எப்படி ரசிகர்களானார்கள் என்று தேடினால் ஒரே இடத்துக்குத்தான் வந்து சேரவேண்டும்: முதல் பெட்டியின் முன் ஜன்னல். பழைய வண்டிகளில் டிரைவரின் அறை, பெட்டியின் அகலத்தில் பாதிக்கும் குறைவான ஒரு கூண்டு. நடுவில் இருந்த கதவின் கண்ணாடி வழியே யார் வேண்டுமானாலும் வெளியே பார்க்கலாம். அப்பாவின் தோளில் உட்கார்ந்து, பிறகு நுனிக்காலில் நின்று, பிறகு தானாகவே உயரம் எட்டி, தலைமுறை தலைமுறையாகச் சிறுவர்கள் அந்தக் கண்ணாடியில் மூக்கை அழுத்திக் கொண்டு வளர்ந்தார்கள்.

அதற்கேற்ற பாதை ‘ஏ’ ரயிலின் பாதை. டியூக் எலிங்டனின் இசைக்குழு உலகப் புகழ் ஆக்கிய ‘டேக் தி ஏ டிரெய்ன்’ பாட்டில் வருவது இதே ரயில்தான். 59வது தெருவில் கிளம்பினால் 125வது தெரு வரை ஏழு நிலையங்களில் நிற்காமல் பாயும். சத்தத்தில் எல்லாவற்றையும் மிஞ்சிய ஆர்-10 வண்டிகள் இங்கே ஓடியபோது முன் ஜன்னலில் நிற்பவர்களுக்குச் சிக்னல்கள் சிவப்பிலிருந்து மஞ்சளுக்கும் பச்சைக்கும் மாறுவது, நிலையங்களின் தூண்கள் பட்டையாகக் கலைந்து ஓடுவது, பக்கத்துப் பாதையில் போகும் வண்டியை முந்துவது எல்லாமே சினிமா.

1964ல் வந்த ஆர்-32 வண்டிகள் இந்த ஜன்னலைக் கடைசிவரை காப்பாற்றின. பிலடெல்பியாவின் பட் கம்பெனி கட்டிய 600 பெட்டிகள். வரிவரியாக மடிப்பு வைத்த துருப்பிடிக்காத எஃகு உடல் பளபளத்ததால் ‘பிரைட்லைனர்’ என்று பெயர். கட்டியவர்களே எதிர்பார்த்திருக்க மாட்டார்கள்: அவற்றில் ஒரு பகுதி 57 ஆண்டுகள் ஓடியது. 2022 ஜனவரி 9ல் நடந்த கடைசிப் பயணத்தில் முன் ஜன்னலுக்கு அருகில் இடம் பிடிக்கப் பெரியவர்கள் சிறுவர்களோடு போட்டியிட்டார்கள். இப்போதைய புதிய வண்டிகளில் டிரைவரின் அறை பெட்டியின் முழு அகலத்தையும் எடுத்துக் கொள்கிறது. பாதுகாப்புக்கு அது நல்லது. ஆனால் பாதை டிரைவருக்கு மட்டுமே சொந்தமாகிவிட்டது.

புதுமை எல்லாம் வெற்றியல்ல

பழையது எல்லாம் உறுதியானது, புதியது எல்லாம் சோப்ளாங்கி என்று பேசும் ரசிகர்களும் உண்டு. சரித்திரம் அவர்களுக்கு ஓரளவு சாதகமாக இருக்கிறது. 1949ல் பத்தே பெட்டிகள் கொண்ட ஆர்-11 என்ற சோதனை ரயில் வந்தது. பெட்டி ஒன்றுக்குச் சுமார் ஒரு லட்சம் டாலர் என்பதால் ‘மில்லியன் டாலர் ரயில்’ என்றார்கள். காற்றிலுள்ள கிருமிகளைக் கொல்லப் புற ஊதா விளக்குகள்கூட அதில் இருந்தன. எந்தப் பாதைக்காக அது திட்டமிடப்பட்டதோ, அந்த செகண்ட் அவென்யூ பாதையின் முதல் பகுதி திறக்கப்பட்டது 2017ல். பத்துப் பெட்டிகளில் ஒன்று மட்டும் மியூசியத்தில் மிச்சம்.

1968ல் வந்த ஆர்-40 வண்டியின் முகத்தைச் சாய்வாக, பந்தயக் கார் போல வடிவமைத்தவர் ரேமண்ட் லோவி. பார்க்க அழகுதான். ஆனால் இரண்டு பெட்டிகள் சேரும் இடத்தில் அந்தச் சாய்வினால் பெரிய இடைவெளி விழுந்தது. பயணிகள் தவறி விழாமலிருக்கக் கம்பித் தடுப்புகளைப் பிறகு ஒட்டவைத்தார்கள், அழகு போயிற்று. 1970களின் நடுவில் வந்த ஆர்-46 பெட்டிகளின் சக்கரச் சட்டங்களில் சில ஆண்டுகளிலேயே விரிசல் கண்டது. வழக்கு, பழுதுபார்ப்பு, சட்டங்களை மாற்றுவது என்று நகரம் அல்லாடியது. அதே காலத்தில்தான் நாற்பதைத் தாண்டிய பழைய ஆர்-வகைப் பெட்டிகள் கடைசி மூச்சோடு ஓடிக்கொண்டிருந்தன.

மறக்கக் கூடாத மறுபக்கம்

ஆனால் ஏக்கத்துக்கும் ஒரு நேர்மை வேண்டும். பழைய வண்டிகள் ஆட்களையும் பலி வாங்கியிருக்கின்றன.

1918 நவம்பர் 1 அன்று மாலை புரூக்ளினில், ஊழியர்கள் வேலைநிறுத்தம் செய்த நாளில், அந்தப் பாதையில் அனுபவமில்லாத ஒருவர் கையில் ரயிலைக் கொடுத்தது நிர்வாகம். மால்போன் தெருவருகே சுரங்கத்துக்குள் நுழையும் கூர்மையான வளைவில் ரயில் அதிவேகத்தில் தடம்புரண்டது. பெட்டிகள் மரத்தாலானவை. சுரங்கச் சுவரில் மோதித் தீப்பெட்டிகளாக நொறுங்கின. குறைந்தது 93 பேர் உயிரிழந்தார்கள். அந்தத் தெருவின் பெயரையே மாற்றும் அளவுக்கு நகரத்தை அது உலுக்கியது. மரப் பெட்டியின் வாசனையைச் சிலாகிப்பவர்கள் நினைவில் வைக்க வேண்டிய நாள் அது.

ஆர்-1 வகை ரயில்களில் கண்டக்டரின் பாடும் சுகமாக இல்லை. கதவுகளைத் திறந்து மூடும் பிடிகள் பெட்டிக்கு வெளியே இருந்தன. இரண்டு பெட்டிகளுக்கு நடுவே, ஒரு கால் இந்தப் பெட்டியிலும் இன்னொரு கால் அந்தப் பெட்டியிலுமாகச் சிறு படிகளில் ஏறி நின்றுதான் அவற்றை இயக்க வேண்டும். பாதை தரைக்கு மேலே வரும் இடங்களில் மழையோ பனியோ, எதுவானாலும் அவர் நிற்கவேண்டிய இடம் அதுதான். பிரம்பு இருக்கைகளும் புகைப்படத்தில் அழகு. பிரம்பு பிரிந்தால் பெண்களின் காலுறையைக் கிழிக்கும். குளிர்சாதன வசதி ஓரளவு வெற்றியாக வந்ததே 1967ல்தான். அதுவரை ஆகஸ்ட் மாதப் புழுக்கத்தில் கூரை விசிறிகள் சூடான காற்றைச் சுழற்றியதோடு சரி.

1970களில் நகரத்தின் கஜானா காலியானபோது பராமரிப்பு ஒத்திப் போடப்பட்டது. உள்ளும் புறமும் கிறுக்கல்கள், திறக்காத கதவுகள், நடுவழியில் நிற்கும் ரயில்கள். 1980களின் தொடக்கத்தில் ஒரு பெட்டி சராசரியாக 7,000 மைல் ஓடுவதற்குள் ஒரு முறை பழுதாகி நின்றது. கடைசிக் கிறுக்கல் பெட்டி சேவையிலிருந்து விலக்கப்பட்டது 1989 மே மாதத்தில். அந்தப் பதினைந்து ஆண்டுகளில் தினமும் வேலைக்குப் போய் வந்தவர்களிடம் அந்த வண்டிகளைப் பற்றிக் கேட்டால் சங்கீதம் பற்றிப் பேச மாட்டார்கள். அவர்களுடைய நினைவும் நினைவுதான். அனுபவமுள்ள ரசிகர்கள் இதை மறுப்பதில்லை. பராமரித்தால் பாடும், கைவிட்டால் கொல்லும் என்பதே இந்த வண்டிகள் சொல்லும் பாடம் என்பது அவர்கள் கட்சி.

மீன்களுக்கு வீடு

ஓய்வு பெற்ற பெட்டிகளில் பெரும்பாலானவை பழைய இரும்புக்குப் போயின. ஆனால் ‘ரெட்பேர்ட்’ வகைக்கு விநோதமான மறுவாழ்வு. 1960களை ஒட்டி வந்த இந்தப் பெட்டிகள் கிறுக்கல்களை ஒழிக்கும் முயற்சியில் 1980களில் கருஞ்சிவப்பு வண்ணம் பூசப்பட்டதால் செம்பறவைகளாயின. கடைசி செம்பறவை 2003 நவம்பர் 3ல் 7ஆம் எண் பாதையில் ஓடி முடித்தது. மோட்டார், ஜன்னல், கதவு எல்லாவற்றையும் கழற்றிச் சுத்தம் செய்து, படகில் ஏற்றி, டெலவேர் முதல் ஜார்ஜியா வரை அட்லாண்டிக் கடலோரத்தில் தண்ணீருக்குள் தள்ளினார்கள். 2001 முதல் பத்தாண்டுகளுக்குள் பல வகைப் பெட்டிகளுமாக 2,500க்கும் மேற்பட்டவை கடலுக்குள் போயின. மீன்களும் சிப்பிகளும் குடியேறின.

இங்கும் ஒரு குறும்பு. சாதாரண எஃகால் ஆன பழைய செம்பறவைகள் கடலடியில் தாக்குப் பிடித்தன. துருப்பிடிக்காத எஃகால் ஆன பளபளப்பான பெட்டிகள் சில இடங்களில் மாதக் கணக்கிலேயே சரிந்து விழுந்துவிட்டன. தகடு துருப்பிடிக்கவில்லை, கட்டுமானம் நிலைக்கவில்லை.

ஓடினால்தான் ரயில்

தப்பியவை வேறு இடத்தில் இருக்கின்றன. புரூக்ளினின் கோர்ட் தெருவில் 1936ல் திறந்து, ஆள் வராமல் 1946ல் மூடிய ஒரு பாதாள நிலையம் உண்டு. 1976 ஜூலை 4ல், அமெரிக்கச் சுதந்திரத்தின் 200வது ஆண்டையொட்டி, அங்கே பழைய பெட்டிகளைக் கொண்டு வந்து நிறுத்திக் கண்காட்சி தொடங்கினார்கள். தற்காலிகமாகத் தொடங்கியது நிரந்தரமாகி, நியூயார்க் டிரான்சிட் மியூசியம் ஆயிற்று. ஆர்-1 வகையின் முதல் பெட்டியான 100ஆம் எண் பெட்டி இந்த மியூசியத்தின் சொத்து. 1947ல் உருமாற்றம் செய்யப்பட்டு ஆர்-10க்கு முன்மாதிரியாக இருந்த 1575ஆம் எண் பெட்டியும் பத்திரமாக இருக்கிறது.

1934லேயே மின்சார ரயில் ரசிகர்கள் தங்களுக்கென ஒரு சங்கம் அமைத்துக் கொண்டார்கள். பக்கத்து மாநிலமான கனெக்டிகட்டில் 1945ல் தொடங்கிய டிராம் மியூசியத்தில் நியூயார்க்கின் பழைய பெட்டிகளையும் வைத்து ஓட்டிக் காட்டுகிறார்கள். இப்படிப்பட்ட இடங்களில் ரசிகர்களின் நினைவு வெறும் அரட்டையாக இருப்பதில்லை. எண்பது, நூறு வயதான வண்டிக்குக் கடையில் உதிரி பாகம் கிடைக்காது. தயாரித்த கம்பெனிகள் பல இன்று இல்லை. எந்த வால்வு எந்தக் குளிரில் அடைத்துக் கொள்ளும், எந்த சுவிட்ச் தட்டினால்தான் வேலை செய்யும் என்பது கையேட்டில் எழுதியிருக்காது. ஓய்வு பெற்ற மெக்கானிக்கின் தலையிலும், அவரிடம் கேட்டுக் கேட்டு எழுதி வைத்த ரசிகரின் நோட்டிலும்தான் இருக்கும். அந்த மெக்கானிக் காலமானால் அந்த அறிவும் போய்விடும்.

அதனால்தான் டிசம்பர் மாதப் பயணங்களுக்கும், யாங்கி ஸ்டேடியத்தில் முக்கியமான பேஸ்பால் ஆட்டங்கள் நடக்கும்போது 1917ஆம் ஆண்டுப் பெட்டிகளை ஓட்டுவதற்கும் இத்தனை முக்கியத்துவம். ஓட்டுவதற்காகப் பழுது பார்க்க வேண்டியிருக்கிறது. பழுது பார்ப்பதால் இளைய ஊழியர்கள் கற்றுக் கொள்கிறார்கள். நிறுத்தி வைத்த பெட்டியில் பிரம்பையும் பல்பையும் காட்டலாம். பல்சக்கரத்தின் பாட்டைக் காட்ட முடியாது.

பெரம்பூரிலிருந்து கல்கத்தாவுக்கு

இந்த விஷயத்தில் மற்ற நகரங்களின் கதை கலவையானது. லண்டன் பாதாள ரயிலின் 1938ஆம் ஆண்டு வண்டிகள் அங்கே 1988 வரை ஓடின. பிறகு சில பெட்டிகள் வைட் தீவின் சிறு ரயில் பாதைக்குப் போய் 2021 ஜனவரி வரை உழைத்தன. ஒரு ரயிலை லண்டன் மியூசியம் ஓடும் நிலையில் வைத்திருக்கிறது. அர்ஜென்டினாவின் பியூனஸ் அயர்ஸ் நகரில் 1913ல் ஓடத் தொடங்கிய பெல்ஜியம் நாட்டு மரப் பெட்டிகள், பயணிகளே கையால் திறக்கும் கதவுகளோடு, 2013 ஜனவரி வரை தினமும் ஓடின. ஏறக்குறைய ஒரு நூற்றாண்டு.

இந்தியாவுக்கும் இதில் ஒரு பங்கு உண்டு. 1984 அக்டோபர் 24ல் கல்கத்தாவின் எஸ்பிளனேடிலிருந்து பவானிபூர் வரை 3.4 கிலோமீட்டர் தூரத்துக்கு நாட்டின் முதல் பாதாள ரயில் ஓடியது. அந்தப் பெட்டிகள் கட்டப்பட்டது சென்னை பெரம்பூரில் உள்ள ஐ.சி.எஃப். தொழிற்சாலையில். மின்கருவிகள் பெங்களூரின் என்.ஜி.இ.எஃப். நிறுவனத்துடையவை. அதுவரை நீண்ட தூர ரயில் பெட்டிகளைக் கட்டிப் பழகிய கைகள், 750 வோல்ட் மூன்றாவது தண்டவாளத்தில் ஓடும் வண்டியை முதன்முதலாகக் கட்டின. குளிர்சாதனம் கிடையாது, காற்றோட்டத்தை நம்பிய வண்டிகள். சுரங்கத்தின் இரைச்சலில் பக்கத்தில் நிற்பவரிடம் பேசக் குரலை உயர்த்த வேண்டும். ஆனாலும் தெருவெல்லாம் தோண்டிப் போட்டு நகரத்தைப் பத்தாண்டுகளுக்கு மேல் படுத்திய பிறகு வந்த ரயில் என்பதால், கல்கத்தாவாசிகள் அதைக் கோயில் போலச் சுத்தமாக வைத்துக் கொண்டார்கள்.

2010ல் குளிர்சாதன வண்டிகள் வந்தன. 2021 அக்டோபர் 24ல், சரியாக 37 ஆண்டுகள் முடிந்த நாளில், மஹாநாயக் உத்தம் குமார் நிலையத்தில் பழைய வண்டிகளுக்கு விடைகொடுத்தார்கள். அவற்றை வழியனுப்ப வந்தவர்கள் நினைவுகூர்ந்ததும் அதே இரைச்சலைத்தான். மின்கருவிகள் செய்த என்.ஜி.இ.எஃப். நிறுவனம் அதற்குப் பல ஆண்டுகள் முன்பே மூடப்பட்டுவிட்டது. அந்த வண்டிகளைக் கட்டியவர்களும் பராமரித்தவர்களும் ஓய்வு பெற்றுச் சென்னையிலும் கல்கத்தாவிலும் இருக்கும் காலம் இது. அவர்களிடம் கேட்க வேண்டியதை இப்போதே கேட்டாக வேண்டும்.

இந்திய ரயில்வேக்கு இது புரியாத விஷயமல்ல. 1855ல் உருவாகி, பல பத்தாண்டுகள் காட்சிப் பொருளாக நின்ற ‘ஃபேரி குயீன்’ நீராவி எஞ்சினை 1997ல் மீண்டும் ஓட வைத்தவர்கள் அவர்கள். நீராவிக்குக் கிடைத்த அந்த மரியாதை மின்சாரத்துக்கும் கிடைக்க வேண்டும் என்பதுதான் கேள்வி.

மூன்று ஸ்வரங்கள்

பழைய சத்தங்கள் அழிந்தால் புதிய சத்தங்கள் பிறக்கின்றன. 2000ல் நியூயார்க்கில் ஓடத் தொடங்கிய ஆர்-142 வண்டிகளில் மோட்டார்கள் மாறுமின்சாரத்தில் ஓடுபவை. மூன்றாவது தண்டவாளத்தின் நேர்மின்சாரத்தை மாறுமின்சாரமாக வெட்டிக் கொடுக்கும் மின்னணுக் கருவி, வண்டி கிளம்பும்போது படிப்படியாக வேகம் மாற்றுகிறது. அப்போது மூன்று ஸ்வரங்கள் கேட்கின்றன. யாரோ ஒருவர் காதில் அது லியோனார்ட் பெர்ன்ஸ்டீன் இசையமைத்த ‘வெஸ்ட் சைட் ஸ்டோரி’ நாடகத்தின் ‘சம்வேர்’ என்ற பாட்டின் முதல் மூன்று ஸ்வரங்களாக விழுந்தது. நியூயார்க்கின் கதையைச் சொல்லும் நாடகத்தின் பாட்டு, நியூயார்க்கின் ரயிலிலேயே. யாரும் திட்டமிட்டுச் செய்யவில்லை. நேர்ப்பற்களின் பாட்டைப் போலவே இதுவும் தற்செயல்.

இந்த வண்டிகளுக்கும் ஒரு நாள் ஓய்வு வரும். அப்போது அந்த மூன்று ஸ்வரங்களுக்காக ஒலிப்பதிவுக் கருவியோடு பிளாட்பாரத்தில் நிற்கப் போகும் ரசிகர், இன்று அம்மாவின் கையைப் பிடித்துக் கொண்டு பள்ளிக்கூடம் போகும் ஏதோ ஒரு சிறுமியாக இருக்கலாம். முன் ஜன்னல் அவளுக்குக் கிடைக்கவில்லை. காது இருக்கிறது.